ஊசிக்குருவி இன்னும் வரவில்லை

மோட்டாரை நிறுத்தியதும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். கொட்டாவி விடுவதில்லை, பேச வாயெடுப்பதும் இல்லை. பம்ப் அறை வாசற்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, கீழுதடு லேசாகத் தொங்க, கண்கள் எதையும் பார்க்காமல் ஏரியின் மேல் கிடக்க, அப்படியே நின்றுவிடுவார். வாயை மூடியிருந்தால் பாதிச் சத்தம்தான் காதுக்குள் போகும் என்பது அவர் கட்சி. "காதுக்கும் வாய்க்கும் உள்ளுக்குள்ள ஒரு வழி இருக்கு தங்கச்சி. ரெண்டு கதவையும் திறந்து வெச்சாத்தான காத்து ஓடும்?" என்பார். அந்தப் பக்கம் போகும் அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள், நிற்காமலே சொல்லிவிட்டுப் போவாள்: "மூடுங்க, ஈ வந்து குடித்தனம் பண்ணப்போகுது."

இங்கே எல்லோருக்கும் அவர் மோட்டார்காரர். காட்டுக்கு நடுவே ஒரு பெரும் பள்ளம், அதில் ஏரி. ஊர் இருப்பது மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், கீழே. ஏரித் தண்ணீரை முகட்டில் இருக்கும் தொட்டிக்கு ஏற்றிவிட்டால் போதும், மீதி வழியை அது தானாக இறங்கிக் குழாய்களுக்குள் போய்விடும். ஏற்றிவிடுவது அவர் வேலை. விடிகிற நேரத்தில் மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறைந்ததும் நிறுத்தி, சாயங்காலம் மறுபடி போடுவார். நடுவில் வலைச்சல்லடையில் சிக்கிய இலைகளையும் பாசியையும் அள்ளிப்போடுவார்.

ஏரிக்கரை விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடுவது என் வேலை. துணிக்கொடி பம்ப் அறைக்கும் அவர்கள் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டுக்கும் நடுவில் ஓடுகிறது. நனைந்த விரிப்புக்குப் பின்னால் நிற்பவளை யாரும் கவனிப்பதில்லை. அதனால் இவ்வளவும் எழுத முடிகிறது.

ஆள் உயரமில்லை, ஆனால் உயரமானவர் போலக் குனிந்தே கதவுக்குள் நுழைவார். வேலை நேரத்தில் ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொள்வார், கிரீஸ் பட்டால் உள்பக்கத்தோடு போகட்டும் என்று. யாராவது வந்தால் அவசரமாகக் கழற்றித் திருப்பிப் போடுவார். தலை ஸ்வெட்டருக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்போதே "வாங்க, வாங்க" என்று வரவேற்பு உள்ளிருந்து வரும். மோட்டாருக்கு உடம்பு சரியில்லை என்று சந்தேகம் வந்தால், நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். டாக்டர் தோற்றார். "பேரிங்கு அழுவுது" என்பார். பெரும்பாலும் அழுதுகொண்டுதான் இருக்கும்.

மற்றவர்கள் இங்கே பறவை பார்க்க வருகிறார்கள். இவர் பறவை கேட்கிறவர். தொலைநோக்கி ஒன்று வைத்திருக்கிறார், யாரோ மறந்துவிட்டுப் போனது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது மரியாதைக்காக மட்டும்தான். "கண்ணால பார்க்கறவன் ஒரு நேரத்துல ஒரு பறவையத்தான் பார்ப்பான். நான் இங்க உட்கார்ந்த இடத்துல ஏரி மொத்தத்தையும் கேட்டுடுவேன்" என்பார். அவர் வாயில் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு குணம் உண்டு. நாணலுக்குள் கத்தும் நாமக்கோழி, எண்ணெய் காணாத கதவு. முக்குளிப்பான், சிரிக்க ஆரம்பித்துவிட்டு நிறுத்தத் தெரியாதவன். காலையிலிருந்து ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் குக்குறுவான், பென்ஷன் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறவன். புதருக்குள் கூட்டமாகக் கூச்சலிடும் சிரிப்பான்கள், கல்யாண வீட்டுக்கு வந்த அத்தைகள். எல்லாவற்றையும் வாயால் செய்து காட்டுவார். செய்து காட்டும்போது கழுத்தையும் அந்தந்தப் பறவை போலவே திருப்புவார்.

தப்பே செய்யாதவர் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை விடுதி வராந்தாப் பக்கம் புதுப் பறவை ஒன்று வந்திருக்கிறது என்று என்னையும் அண்ணியையும் மூச்சுவிடாமல் நிற்கவைத்து, புதர் புதராகப் பதுங்கிப் போனார். கடைசியில் அது விடுதி மேனேஜரின் கிரீச்சிடும் புது ஷூ. "இருந்தாலும் குரல் நல்லா இருந்துச்சு" என்று விட்டுக்கொடுக்காமல் திரும்பி வந்தார்.

வாயால் செய்து காட்டாத பறவை ஒன்றே ஒன்று. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஊசி. புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறதாம். மழை முடிந்து பனி இறங்கும்போது எங்கிருந்தோ வந்து, குளிர் போனதும் கிளம்பிவிடும். கட்டைவிரல் அளவு, இலைப்பச்சை முதுகு, தலையில் மஞ்சளாக ஒரு கோடு. உச்சிக்கிளை இலைகளுக்குள்ளேயே இருப்பதால் அதைப் பார்த்தவர்கள் குறைவு. குரல்தான் அதன் ஆள் அடையாளம். "எப்படி அண்ணா கத்தும்?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார். "அதைச் செய்ய மனுஷ வாய்ல இடமில்ல தங்கச்சி. காதுக்குள்ள ஊசி நூல் கோக்கற மாதிரி இருக்கும். ஆனா வலிக்காது."

இந்த வேலைக்கு வந்த புதிதில் அவருக்கு இந்த இடம் பிடிக்கவில்லையாம். ஊரை விட்டு, ஆளை விட்டு, மோட்டார் இரைச்சலும் பனியும்தான் துணை. ஓடிவிடலாம் என்று பெட்டியைக் கட்டி வைத்த ஒரு காலையில் மின்சாரம் போயிருக்கிறது. மோட்டார் நின்றது. அந்த அமைதிக்குள் தலைக்கு மேலே அந்தக் குரல். பெட்டியை வைத்துவிட்டு நின்றவர்தான். "அன்னிக்கு கரண்ட் போகலன்னா நான் போயிருப்பேன்" என்பார். அண்ணி உடனே, "கரண்ட் ஆபீஸ்காரனைத்தான் நான் தேடிட்டு இருக்கேன்" என்பாள்.

போன வருடம் ஊசி வரவில்லை. இந்த வருடமும் பனி இறங்கி வெகுநாளாகிவிட்டது, இன்னும் வரவில்லை.

போன வருடப் பனிக்குச் சற்று முன்புதான் பழைய மோட்டாரை எடுத்துவிட்டுப் பெரிய புது மோட்டாரை வைத்தார்கள். இரைச்சல் பழையதைவிட அதிகம், தரையில் வைத்த வாளித் தண்ணீர் கூட நடுங்கும். மோட்டார்காரர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டார். ஊசி பாடுவது விடிகிற நேரத்தில். அந்த நேரத்தில்தான் இந்த ராட்சசனும் கத்துகிறது. இரண்டு நாள் பார்த்திருக்கும், வேறு ஏரி தேடிப் போயிருக்கும். "துரத்தினது வேற யாரும் இல்ல. இந்தக் கைதான் சுவிட்சைப் போட்டுச்சு" என்று ஒருநாள் கையை விரித்து என்னிடம் காட்டினார், அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல.

அதிலிருந்து ஆரம்பித்தது. விடிகிற நேரத்தில் மோட்டாரைப் போடாமல், வெயில் பைன் மரங்களுக்கு மேலே ஏறும்வரை சும்மா நிற்பார். வாசற்படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். ஏரிமேல் பனி மெத்தை போலக் கிடக்கும். அத்தைகள் கூச்சல் போடுவார்கள், பென்ஷன்காரர் மனு கொடுப்பார். மோட்டார்காரர் அவர்களை எல்லாம் கைகாட்டி ஒதுக்குவது போல ஒதுக்கிவிட்டு, அதற்கும் பின்னால் எதையோ கேட்க முயல்வார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ரயில் போய்விட்ட நிலையத்தில் இன்னொரு ரயில் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்திருப்பவரின் முகம்.

வீட்டில் வேறு சில மாற்றங்களும் இருந்தன. அவர்கள் மகள் தூரதேசத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மெல்லிய குரல் அவளுக்கு. வாரம் ஒருமுறை போனில் பேசுவாள். சமீபகாலமாக இவர் போனை இரண்டு தடவை குலுக்கிவிட்டு, "லைன் சரியில்லம்மா, மாப்பிள்ளைகிட்டக் குடு" என்கிறார். மாப்பிள்ளை பேசினால் கணீரென்று கேட்கிறது. அண்ணி ஒருநாள் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த ஊர்ல ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் டவர் எடுக்குது போல." குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்க, அவர் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்வெட்டரைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

என்மேலும் அண்ணிக்கு ஒரு புகார் இருந்தது. "ஏண்டி, காலையில உன் கொடிச் சக்கரம் கிரீச் கிரீச்சுனு உசுரை வாங்குது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டா குறைஞ்சா போயிடுவ?" என்பாள். எண்ணெய் விட்டேன். மறுநாளும் சொன்னாள். மறுபடி விட்டேன்.

கீழே ஊரில் தொட்டி நிறையாமல் கடைசித் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். மோட்டார்காரர் மகள் வயதுதான் இருக்கும். மோட்டார்காரர் ஸ்வெட்டருக்குள் இருந்தபடி வரவேற்றார்.

"என்ன பெரியவரே, பொம்பளைங்க காலிக் குடத்தைக் கொண்டாந்து என் மேஜை மேலயே வெக்கறாங்க. கையெழுத்துப் போட இடமில்ல எனக்கு."

"வால்வுல காத்து அடைக்குது சார்."

"போன வாரம் வாஷர்னீங்க."

"அது போன வாரம் சார்."

இன்ஜினியர் மோட்டாரைச் சுற்றி வந்தார். அது புதிது, நன்றாக இருந்தது. பிறகு ஏரியைப் பார்த்தார், மோட்டார்காரர் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இதோ பாருங்க. இன்னொரு தடவை லேட்டானா உங்களைக் கீழ சாக்கடை பம்புக்கு மாத்திட்டு இங்க வேற ஆளைப் போடச் சொல்லிட்டாங்க. நான் சொல்லல, மேல சொல்றாங்க. அங்க போனா உங்களுக்குக் காக்காதான் கிடைக்கும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

ஜீப் போனதும் அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வராத விருந்தாளிக்காக ஊரையே காயப்போடறீங்க."

"இந்தப் பனி முடியற வரைக்கும்தான்டி. வந்து ஒரே ஒரு குரல் குடுத்துட்டாப் போதும். இருக்கேன்னு சொல்லட்டும். அப்புறம் நாள் முழுக்க வேணும்னாலும் ஓட்டறேன்."

"சாக்கடைக்கு அனுப்பிட்டா?"

அவர் மறுநாளும் வெயில் ஏறிய பிறகுதான் மோட்டாரைப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கும் குழு வந்தது. கீழே ஊரிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள், போன வருடம் மண்சரிவில் பாதை அடைபட்டு வரமுடியாமல் போனவர்கள். டீச்சரம்மாதான் அதற்குத் தலைமை. மெலிந்த உருவம், பேசினால் வகுப்பே அடங்கும் குரல். அவருக்கும் மோட்டார்காரருக்கும் ஒவ்வொரு தடவையும் சண்டை வரும். அவர் பார்த்துச் சொல்வார், இவர் கேட்டுச் சொல்வார். சில தடவை அவர் சரி, சில தடவை இவர். கூடவே வரும் பல் டாக்டர் இரண்டு பேருக்கும் நடுவில் நடப்பார், சண்டையை நன்றாக ரசிக்கலாம் என்று.

மோட்டார்காரர் அவர்களை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஓக் மரத்தடி வழியாகக் கூட்டிப் போனார். பாசி படர்ந்த மரம் அது. என் கொடியின் ஒரு முனை அதில்தான் கட்டியிருக்கிறது. டீச்சரம்மா திடீரென்று கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றார்கள்.

"ஊசி!" என்றார் மெதுவாக. இவர் வைத்த பெயரையே அவர்களும் சொல்லப் பழகியிருந்தார்கள். "மேல. நம்ம தலைக்கு மேலயே."

எல்லா முகங்களும் அண்ணாந்தன. ஒவ்வொன்றாக மலர்ந்தன. எனக்கும் கேட்டது. மூன்று சின்னக் குத்தல், பிறகு ஒரு நீள இழுப்பு. மறுபடி மூன்று, மறுபடி இழுப்பு. தினமும் காலையில் விரிப்புகளைப் பிழியும்போது நான் கேட்கிற குரல்தான். அதுதான் ஊசி என்று எனக்குத் தெரியாது.

மோட்டார்காரர் அண்ணாந்து பார்த்தார். பிறகு அவர்கள் முகங்களைப் பார்த்தார். மறுபடி அண்ணாந்தார். "எங்க?" என்றார்.

"கத்திட்டே இருக்கே, இதோ" என்று டீச்சரம்மா சிரித்தார், இவர் வழக்கம்போல் வம்புக்கு நிற்கிறார் என்று நினைத்து.

"இது... இது இல்லீங்க டீச்சர். இது ஏதோ பூச்சி. ஊசின்னா காதுல கோக்கும்." சொல்லிவிட்டு அவர் ஏரிப் பக்கம் காதைத் திருப்பினார். குரலுக்கு நேர் எதிர்ப்பக்கம். டீச்சரம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. பல் டாக்டர் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.  "வாங்க, முக்குளிப்பான் குஞ்சு பொரிச்சிருக்கான், காட்டறேன்" என்று மோட்டார்காரர் முன்னால் நடந்தார். வழக்கத்தைவிட வேகமாக நடந்தார்.

கிளம்புவதற்கு முன் டீச்சரம்மா என் துவைக்கும் குழாயில் காலணிச் சேற்றைக் கழுவ வந்தார். அண்ணி டீ கிளாஸ்களைக் கழுவ வந்தாள்.

"அம்மா, அவருக்குக் காது..."

"தெரியும் டீச்சர்" என்றாள் அண்ணி, நிமிராமல். "குக்கர் விசில் கேக்காமப் போனப்பவே தெரியும். நான்தான் சொல்லல. அந்த மனுஷனுக்கு வேற என்ன இருக்கு சொல்லுங்க? காது ஒண்ணுதான்."

"மெல்லிசுக் குரல்தான் முதல்ல போகும். கனமான சத்தமெல்லாம் எப்பவும்போலக் கேட்கும். அதனால போனது அவங்களுக்கே தெரியாது. பறவைதான் வரலன்னு நினைச்சுக்குவாங்க."

அண்ணியின் கை கிளாஸுக்குள் நின்றது. "அப்போ அது வந்திருக்கா?"

"இதோ, இப்பக்கூட."

அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டாள். மூன்று குத்தல், ஒரு இழுப்பு. "இதா?" என்றாள். "இந்தச் சத்தமா? அட, இது இவ கொடிச் சக்கரம்னுல்ல நினைச்சேன்!" என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போன வருஷமும் இதே சத்தம். அப்பவும் இவளத்தான் திட்டினேன். குருவிக்குப் போயி எண்ணெய் விடச் சொல்லியிருக்கேன் பாரு!" சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் ஈரக் கையின் பின்பக்கத்தைக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மிஷின் வெச்சா கேக்குமா டீச்சர்?"

"பேசறது நல்லாக் கேட்கும். பொண்ணு குரல் கேட்கும். ஆனா இது ரொம்ப உச்சத்துல போற குரல். கேட்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்மா."

அதற்குப் பிறகு சில நாட்கள் அண்ணி சரியாகப் பேசவில்லை. குருவி வந்துவிட்டது என்று சொன்னால் காது போய்விட்டது என்றும் சொன்னதாகிவிடும். சொல்லாமல் இருந்தால் ஜீப் மறுபடி வரும், சாக்கடை பம்புக்கு மூட்டை கட்ட வேண்டும். ஒரு காலையில் மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தாள்.

"வந்திருக்குங்க."

"யாரு?"

"உங்க ஊசிதான்."

அவர் பெரிதாகச் சிரித்தார். "உனக்குக் காக்காயும் கோழியும் ஒண்ணு. நீ எனக்குப் பறவை சொல்றியா?"

"டீச்சரும்தான் சொன்னாங்க."

சிரிப்பு போய்விட்டது. "டீச்சருக்கு வயசாகுது" என்றார், ஏரியைப் பார்த்துக்கொண்டு.

காதால் நம்பவைக்க முடியாது என்று அண்ணிக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அவள் ஓக் மரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். இத்தனை வருடம் பறவை என்றால் முட்டை போடுமா போடாதா என்று மட்டும் கேட்டவள், கையில் முறத்தோடு கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பாள். "கீழ இறங்கவே மாட்டேங்குதுடி. என்ன பெருமையோ" என்று என்னிடம் முணுமுணுப்பாள். பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தாள். பின்வாசல் விளக்கை அணைக்க மறந்த ஒருநாள், விடியும்போது அதைச் சுற்றிச் செத்தும் சாகாமலும் கிடந்த விட்டில்களைத் தின்ன அந்தக் குருவி உச்சியிலிருந்து கீழ்க்கிளைக்கு இறங்கி வந்திருந்தது. அன்றிலிருந்து அவள் விளக்கை வேண்டுமென்றே எரியவிட்டாள். "வெளி லைட்டை யாரு அணைக்காம விட்டது? இது என்ன மாமனார் வீட்டு கரண்டா?" என்று அவர் சத்தம் போடுவார். "ஆமா, எங்கப்பா வீட்டு கரண்ட்தான், எரியட்டும்" என்பாள்.

குருவிக்கு இடம் பழகட்டும் என்று காத்திருந்தாள். நேற்று காலை அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பனி தரை வரை இருந்தது. விளக்கைச் சுற்றி மட்டும் மஞ்சளாகக் கரைந்திருந்தது. அண்ணி அவர் ஸ்வெட்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "என்னடி, பாம்பா?" "பேசாம வாங்க." கொடிக்குப் பக்கத்தில், என்னிடமிருந்து ஒரு விரிப்பு தூரத்தில், நிறுத்தினாள். விரலை நீட்டினாள்.

கீழ்க்கிளையின் நுனியில் அது உட்கார்ந்திருந்தது. இலைப்பச்சை முதுகு, தலையில் மஞ்சள் கோடு.

"வந்துட்டான்" என்றார். சத்தமே வராமல், மூச்சாகச் சொன்னார். அவர் முகத்தில் அப்போது வந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. தொலைந்து போன பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்தால் அப்படி இருக்குமோ என்னவோ. "எங்கடா போயிருந்த, எங்க போயிருந்த" என்று உதடு மட்டும் அசைந்தது.

பிறகு குருவி அலகைத் திறந்தது.

தொண்டை இறகுகள் பிரிந்து நடுங்கின. சின்ன உடம்பு முழுக்க அந்தக் குரலோடு அதிர்ந்தது, வால் அதிர்ந்தது, உட்கார்ந்திருந்த சுள்ளி கூட அதிர்ந்தது. மூன்று குத்தல், ஒரு இழுப்பு. அலகு மூடியது. மறுபடி திறந்தது. மோட்டார்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தன்னிடம் பேசுகிறவரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"கத்துதா?" என்றார், அண்ணியைப் பார்க்காமல்.

"ம்."

"இப்ப?"

"ம். இப்பவும்."

"எத்தனை நாளா?"

"வந்துட்டுத்தாங்க இருந்துச்சு. போன வருஷமும்."

துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். கல் ஈரம், அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வேறு எதையோ பற்றிக் கேட்பது போலக் கேட்டார்: "அப்போ பாப்பா பேசறப்ப... லைன்?"

"லைன் நல்லாத்தாங்க இருக்கு."

"என்னவெல்லாம் சொன்னாளோ" என்றார். "எல்லாத்துக்கும் நான் சரிம்மா சரிம்மான்னுட்டு மாப்பிள்ளைகிட்டக் குடுத்துட்டேன்."

 

கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்தார். பம்ப் அறைக்குப் போனார், குனிந்து கதவுக்குள் நுழைந்தார். நேரத்துக்கு மோட்டார் ஓடி வெகுநாளாகியிருந்தது. தரை அதிர்ந்தது, என் வாளித் தண்ணீர் நடுங்கியது, ஏரியிலிருந்து வாத்துக் கூட்டம் ஒன்று எழும்பிச் சுற்றிவிட்டு மறுபடி அமர்ந்தது. அவர் திரும்பி வந்தபோது மரத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே வந்தார்.

"போயிடுச்சா?" மோட்டார் இரைச்சலில் உரக்கக் கேட்டார்.

"இல்ல. பாருங்க."

பார்த்தார். சுள்ளி நுனியில் அதே இடம். அலகு திறந்திருந்தது.

"இந்தச் சத்தத்துலயுமா?"

"ஆமாங்க. மோட்டாருக்கு மேல ஏறிக் கேக்குது. அதுபாட்டுக்குக் கத்துது."

"நான் துரத்தல" என்றார்.

"நீங்க துரத்தல."

தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, ஊரிலிருந்து வந்தவரிடம் அங்கே விட்டுவந்த ஒருவரைப் பற்றி விசாரிப்பது போல, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அண்ணி வாயைத் திறந்தாள். ஏதோ ஒரு சத்தம் செய்து பார்த்தாள், வரவில்லை, மூடிக்கொண்டாள். சற்று நின்றாள். பிறகு அவருடைய வலது கையைப் பிடித்து, உள்பக்கம் வெளியே இருந்த ஸ்வெட்டர் கையை முழங்கை வரை சுருட்டி ஏற்றினாள். மரத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு விரல் நுனியால் அவர் மணிக்கட்டில் மூன்று தடவை லேசாகக் குத்தி, நான்காவதை எடுக்காமல் முழங்கை வரை இழுத்துக்கொண்டு போனாள். நிறுத்தினாள். காத்திருந்தாள். அலகு திறந்ததும் மறுபடி மணிக்கட்டுக்கு வந்தாள்.